சமூக வருகை, பதினொன்றாம் ஆண்டு

பத்தொன்பது நாளாகப் பேச்சில்லை.
சோறு வேண்டுமா என்பதும்
லோரிச் சாவி எங்கே என்பதும்
மகள் வழியாகப் போய்வந்தன.
ஒன்பது வயதுக்குள்
அவள் முகத்தில் தபால்காரரின் அலுப்பு.
சண்டை என் இரண்டு வளையலைப் பற்றியது.
அது இங்கே வேண்டாம்.

இருபதாம் நாள் விசா முடிகிறது.

சாப்பாட்டு மேசையில் பாரத்தை வைத்தேன்.
பாரத்தின் மேல் பாரமாக ஊறுகாய்ப் போத்தல்.
உத்தரவாதம் அளிப்பவர் என்ற கோட்டருகே
பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.
ஆலையில் குலை இறக்கிவிட்டுப்
பத்தரைக்கு வந்தவர்
கை கழுவித் துடைத்து
குறி இருந்த இடத்தில் எழுதினார்:
தனபாலன் த/பெ சின்னக்கண்ணு.
எத்தனை கழுவியும் போகாத செம்பனை எண்ணெய்
ஓரத்தில் ஒரு பெருவிரலாகப் பதிந்திருந்தது.
வேறு பாரம் கிடையாது.
அதையே எடுத்துவைத்தேன்.

நாலரைக்கு எழுந்து
தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார்.
ஊத்தான் மெலிந்தாங்கில்
சீனர் கோப்பிக்கடையில் மட்டும் விளக்கு.
மோட்டாரில் பின்னால் நான்,
எங்களுக்கு நடுவே கோப்பு:
கல்யாணச் சான்றிதழ் இரண்டு நகல்,
அவர் அடையாள அட்டை முன்னும் பின்னும்,
மகளின் பிறப்புப் பத்திரம்,
காது தெரிய நான் எடுத்துக்கொண்ட படம்.
முதுகில் படாமல் உட்காரப்
போதுமான தடிமன் அதற்கு இருந்தது,
குழி வராதவரை.
தோட்டச் சாலையில் குழி வராமல் இருக்குமா?

தெலுக் இந்தானில் சாய்ந்த மணிக்கூண்டு
இந்த வருடமும் விழவில்லை.

எண் நாற்பத்து மூன்று.
மங்கையர்க்கரசி என்பது
ஆங்கிலக் கட்டங்களுக்குள் அடங்குவதே இல்லை,
கடைசி எழுத்து எப்போதும் வெளியே நிற்கும்.
பக்கத்து நாற்காலியில் ஓர் இந்தோனேசியப் பெண்.
"வந்துகொண்டிருக்கிறார், பாதி வழி வந்துவிட்டார்"
என்று முகப்பிடம் மலாயில் இரண்டு தரம் சொன்னாள்.
அவள் எண் எரிந்தது, அணைந்தது,
திரும்ப எரிந்தது.
புருஷன் இல்லாமல் பாரத்தைத் தொடமாட்டார்கள்.
தண்ணீர்ப் புட்டியை மறந்துவிட்டு
அவள் எழுந்து போனாள்.

எங்கள் முறை.
முக்காட்டுக்குள் சின்ன முகம் அந்த அதிகாரிக்கு.
தலை நிமிராமல் அவரைக் கேட்டாள்,
"மாசே திங்கால் சமா?"
இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறீர்களா?

அவர் தொண்டை மணி ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.
அந்த நேரத்துக்குள்
என் தையல் மிஷின், மகளின் பள்ளி,
புதன்கிழமைச் சந்தையில் எனக்கிருக்கும் கடன்,
எல்லாம் ஏறி இறங்கின.

"மாசே" என்றார்.

என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

முத்திரை விழுந்தது: சமூக வருகை, ஒரு வருடம்.
அதன் கீழே சிவப்பில்
எந்த வேலையும் செய்யத் தடை.
போன தீபாவளிக்கு முப்பத்திரண்டு ரவிக்கை தைத்தவள் நான்.
பதினொரு வருடமாக
வருகை தந்துகொண்டே இருக்கிறேன்.
என் வயிற்றில் பிறந்தவள் இந்நாட்டுக் குடிமகள்.
நான் அவளைப் பார்த்துப்போக வந்தவளாம்.

அடுத்த வருடத் தேதி
இந்த நாட்காட்டியில் இல்லை.
தையல் சுண்ணாம்பால்
அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதினேன்,
பழைய தேதிகளுக்குக் கீழே.
கதவை மூடும்போது கொஞ்சம் உதிர்ந்தது.

கூடத்திலிருந்து குரல்.
மகள் பள்ளியிலிருந்து வந்து
சப்பாத்துகூடக் கழற்றவில்லை,
அவளிடம் அல்ல அந்தக் கேள்வி.
"கோப்பி இருக்கா?"

சுண்ணாம்புக் கையைப் பாவாடையில் துடைத்தேன்.
"இருக்குன்னு
உங்கப்பாகிட்ட சொல்லு" என்றேன்.