ஒரு சிப்பிக்குக் காசு பாக்கி

வடசேரியில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில்,
விமானத்தை இதுவரை அண்ணாந்து மட்டுமே பார்த்த நான்
நாற்பத்திரண்டு பேருக்கு எழுதுகிறேன்:
இஸ்தான்புல்லில் என்ன தின்னலாம்.

பங்குக்காரர்களின் புனிதப் பயணம்.
எபேசு, மாதா வீடு,
கடைசி ஒன்றரை நாள் அந்தப் பெருநகரம்.
"ஒரு பக்கம் போதும்" என்கிறார் முதலாளி,
"ஆரும் பயந்துராத மாதிரி எழுது."

சிமித்:
எள்ளில் புரண்ட வளையம். காலையில் வண்டியில் விற்பார்கள்.
முறுக்கு என்று எழுதி அடித்தேன்.
வளையல் என்று எழுதி அதையும் அடித்தேன்.
கடைசியில், பல்லுக்கு மெத்து என்று மட்டும் சேர்த்தேன்.

அய்ரான்:
உப்புப் போட்ட மோர்.
இஞ்சி இருக்காது, கறிவேப்பிலை இருக்காது.
கோபிக்க வேண்டாம்.

கொக்கோரெச்:
ஆட்டுக்குடலைக் கம்பியில் சுற்றி, கனலில் திருப்பி,
பொடியாகக் கொத்தி ரொட்டிக்குள் வைப்பது.
குடல் என்றே எழுதினேன்.
நம்மவர்களுக்கு அதில் என்ன பயம்?

போசா:
தினையைப் புளிக்கவைத்த கெட்டிப் பானம், மேலே வறுத்த கடலை.
கள்ளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று போட்டிருந்தேன்.
முதலாளி அந்த வரியின்மேல் பேனாவை வைத்து
என்னைப் பார்த்தார்.

நடுவில் போன்.
"பிள்ளே, அங்க மரச்சீனி கெடைக்குமா?"

மத்தியானம் டப்பாவில் புளிசேரி, பயத்தங்காய்த் துவரன்.
ஒரு கை சோற்றில், மறு கையில் போன்.
போனுக்குள் எவனோ ஒருவன்
சேமியா போன்ற நூல்களுக்கு நடுவிலிருந்து
உருகிய பாலாடைக்கட்டியை முழ நீளத்துக்கு இழுக்கிறான்.
சத்தத்தை நிறுத்தியிருந்தேன்.
வாயில் வைத்ததும் அவன் கண் மூடியது தெரிந்தது.
குனெஃபே: இனிப்பு. சூட்டோடு தின்னவும்.
கண் மூடியதை எழுத இடம் போதவில்லை.

மித்யே தோல்மா:
சிப்பியைத் திறந்து, மிளகு போட்ட சோற்றை அடைத்து மூடுவது.
நின்றபடியே தின்னவும்.
விற்பவர் எலுமிச்சை பிழிந்து பிழிந்து நீட்டிக்கொண்டே இருப்பார்.
போதும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
கடைசியில் ஓட்டை எண்ணிக் காசு.

பாஸ்போர்ட் நகல் தர வந்த கடியபட்டணம் வியாகப்பன்,
பாறையடியில் மூச்சடக்கிச் சிப்பி கொத்துகிறவர்,
இந்த வரியில் விரலை வைத்தார்.
"நாங்க முங்கி எடுத்து, குவிச்சுப் போட்டு விக்கது.
அங்க ஒண்ணொண்ணா எண்ணுவானா?"
எண்ணுவான் என்றேன், போன் சொன்னதை நம்பி.
"சோறு எதுக்கு உள்ள? சிப்பிக்குப் பசிக்குமா?"

போனார்கள்.
வாட்ஸப்பில் படங்கள் வந்தன:
மினார்களுக்கு முன்னால் புளிச்சோற்றுப் பொட்டலம்,
படகுத்துறைச் சுவரில் நார்த்தங்காய் ஊறுகாய்,
ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில்
எண்ணெய் ஊறிய என் ஒரு பக்கம்.
பிலோமி டீச்சர் சிமித்தைக் கையில் மாட்டிச் சிரிக்கிறார்.
நான் அடித்த சொல்
அவர் மணிக்கட்டில் சரியாகப் பொருந்தியிருந்தது.

ஒரு வாரம் கழித்து வியாகப்பன் மாடியேறி வந்தார்.
முப்பத்தொன்று தின்றாராம்.
"நம்ம சிப்பி தவிட்டு நெறம், அது கறுப்பு.
கொள்ளாம். தேங்காதான் போடல்ல."
சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டை எடுத்து
என் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.
"எண்ணுகதுக்கு முன்னாலே இத பைக்குள்ள போட்டுட்டேன்.
வீட்டுல காட்டணும்னுதான்.
அவன் முப்பதுக்கே காசு வாங்கினான்.
பிளேனுல ஒறக்கம் வரல்ல, பிள்ளே."

அடுத்த குழு மே மாதம்.
பக்கத்தைத் திறந்து கடைசியில் சேர்த்திருக்கிறேன்.
முதலாளி இன்னும் அடிக்கவில்லை:

எமினோனு படகுத்துறை. மஞ்சள் தட்டு.
இடக்கையால் எலுமிச்சை பிழிகிறவர்.
ஒரு சிப்பிக்குக் காசு கொடுக்கவும்.
கடியபட்டணத்திலிருந்து என்று சொல்லவும்.