கோமஸ் பரிந்துரைப்பது

சால்மியாவுக்கு முதல்முறை வருகிறவர்கள்
மெனுவைக் கவிழ்த்து வைத்துவிட்டு
என் சட்டைப்பைக்கு மேலிருக்கும் பெயரைப் படிப்பார்கள்.
கோமஸ்.
அப்பாடா என்று முகம் விரியும்.
"நீங்களே சொல்லுங்கள், எதைச் சாப்பிடலாம்?"
ஆள் குறைந்த கடை.
அடுப்பும் நான்தான், பாதி நாள் மேஜையும் நான்தான்.
சொல்வேன்.

ஆகஸ்ட் என்றால் முதலில் கஸ்பாச்சோ.
கார்க் கதவைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட விரல்களுக்கு
அந்தக் கிண்ணத்தைப் பிடித்திருப்பதே பாதி வைத்தியம்.
தக்காளி, வெள்ளரி, பூண்டு, ஊறிய ரொட்டி.
அடுப்பையே பார்க்காத ரசம்.
அப்படிச் சொல்லக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு.

பிறகு தோர்த்தியா.
உருளைக்கிழங்கும் முட்டையும், வேறு ரகசியமில்லை.
கவிழ்க்கிற அந்த ஒரு நொடி
வாணலிக்கும் தட்டுக்கும் நடுவில்
என் விசாவும் தலைகீழாகத் தொங்கும்.
நடுவில் லேசாக ஒழுக வேண்டும்,
வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.
அனுப்புகிறார்கள்.

ஹாமோன் கேட்க வேண்டாம், இந்த ஊரில் கிடையாது.
மாட்டிறைச்சியைப் புகையில் காட்டி
அதே மெல்லிசில் சீவி
க்ரோக்கெத்தாவுக்குள் ஒளித்துவைக்கிறோம்.
ஒயின் ஊற்ற வேண்டிய இடத்தில் மாதுளைச் சாறு,
ஒரு சொட்டு வினிகர்.
தெரியாதவர்களுக்குத் தெரியாது.
தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.

கடைசியாக பயேயா.
குங்குமப்பூ ஈரானிலிருந்து,
இறால் ஷர்க் மீன் சந்தையிலிருந்து,
அரிசி வலென்சியாவிலிருந்து,
கிளறுகிற கை மணப்பாட்டிலிருந்து.
தப்பு. கிளறக் கூடாது.
நீர் வற்றுகையில் காதைத்தான் கொடுக்க வேண்டும்.
ஈரத்துணிமேல் இஸ்திரிப்பெட்டி வைத்த சத்தம் மாறி
யாரோ பொரிகடலை மெல்கிற சத்தம் வரும்.
அப்போது எண்ண ஆரம்பிப்பேன், நாற்பது வரை.
அடியில் பிடிப்பதற்கு சொக்கராத் என்று பெயர்.

மஹ்பூலாவில் எங்கள் அறையில் அதன் பெயர் காந்தல்.
போன வெள்ளி சம்சுகனி சோற்றைக் காந்தவிட்டதற்கு
ஆறு பேரும் நிற்கவைத்துத் திட்டினோம்.
நானும் திட்டினேன்.
சட்டியை அவனே தேய்த்தான்.
இங்கே அதற்கு எட்டரை தினார்.

நேற்று வந்தவர் மெனுவைத் தொடவே இல்லை.
பெயரைப் பார்த்தார், எழுந்து நின்றார்,
என் கையைப் பிடித்துக்கொண்டு
ஸ்பானிஷில் மதகைத் திறந்துவிட்டார்.
சுத்திகரிப்பு ஆலையில் வால்வு பார்க்க வந்தவராம்,
பதினேழு நாள் ஆயிற்றாம் வாயாரப் பேசி.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மொத்தம் பதினான்கு சொல்,
எல்லாமே தின்னக் கூடியவை.
"கஸ்பாச்சோ" என்றேன்.
சிரித்தார்.
"தோர்த்தியா" என்றேன்.
கையை மெல்ல விட்டார்.

"அப்புறம் எப்படி கோமஸ்?" இது ஆங்கிலத்தில்.
எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமஸ்.
என்றைக்கோ கரையிறங்கிய யாரோ ஒருவர்
தலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு
கொடுத்துவிட்டுப் போன பெயர்.
அவரும் உங்கள் நாடில்லை ஐயா, பக்கத்து வீடு.
முன்னால் தனிஸ்லாஸ் என்று ஒன்று உண்டு,
பட்டையில் இடம் போதவில்லை.

பயேயா வந்தது.
இறாலை ஓரமாக ஒதுக்கினார்.
கரண்டியைக் கவிழ்த்து அடியைச் சுரண்டினார்.
கர்ரக்.
அறையில் சம்சுகனி தேய்த்த அதே சத்தம்.
"உங்கள் பாஷையில் இதற்கு என்ன சொல்?"
சொன்னேன்.
"கந்தால்" என்றார். "கன்தல்" என்றார்.
மூன்றாவது முறை சரியாக வந்தது,
அதற்குள் வாய் நிறைய அரிசி.

எழுந்து போகும்போது
தட்டின் ஓரத்தில் விரலளவு விட்டிருந்தார்.
வேண்டுமென்றா, வயிறு நிறைந்தா, கேட்கவில்லை.
மேஜையில் நாங்கள் தின்னக் கூடாது.
தட்டை எடுத்துப்போகிற பாவனையில்
கதவுக்குப் பின்னால் நின்று
அதைச் சுரண்டித் தின்றேன்.

உப்பு கொஞ்சம் குறைவு.
அவர் திருப்பி அனுப்பவில்லை.