முறைத் தண்ணீர்

சாக்கோட்டைப் பாலத்தடியில்
சைக்கிள் பம்பால் நாற்பது நிமிடம் ஊதி
அரசலாற்றில் இறக்கினோம் நீலப் படகை.
துபாய்க்குப் போன யாரோ பாதி விலைக்கு விட்டது.
முன்னால் நான். பின்னால் இளஞ்சேரன்.
நடுவில் எலுமிச்சைச் சோறு, கொசுவலை,
மாமியாருக்குத் தெரியாமல் எடுத்துவந்த ஜமுக்காளம்.
அவனுக்கு நீச்சல் தெரியாது.
"இடுப்பளவுதான்" என்றேன்.
"யார் இடுப்பு?" என்றான்.

முதல் மைல் முழுக்கச் சண்டை.
இடது என்றால் யாருடைய இடது,
தள்ளுவதா இழுப்பதா.
காட்டாமணக்குப் புதரில் மூன்றுமுறை செருகினோம்.
பிறகு அவனே சொன்னான்,
சோத்துக்கை, பீச்சாங்கை என்று வைத்துக்கொள்ளலாமென.
அதற்கப்புறம் படகு கோணவில்லை.
பதினோரு வருடத்தில்
இவ்வளவு சுளுவாய் எதுவும் தீர்ந்ததில்லை.

ஆற்றுக்கு அவசரமில்லை.
துடுப்பை மடியில் வைத்தாலும் போகிறது,
போட்டாலும் ஏறக்குறைய அதே வேகம்.
குவார்ட்டர் பாட்டில் ஒன்று
கழுத்து நிமிர்ந்தபடி
ஒன்றரைக் கிலோமீட்டர் கூடவே வந்தது.
படித்துறையில் துணி அடித்துக்கொண்டிருந்தவள்
ஓங்கிய கையோடு நின்று கேட்டாள்:
"என்ன, சர்வேயா?"
சும்மா, என்றோம்.
"சும்மாவாம்டி" என்றாள் அடுத்த படியிடம்.
அந்தச் சிரிப்பு மூங்கில் திருப்பம்வரை துரத்தியது.

"முதலை இருக்குமா தம்பி?"
தூண்டில் பையனைக் கேட்டான் சேரன்.
"அது கொள்ளிடத்துல" என்றான் அவன்,
தாலுகா ஆபீஸ் எங்கே என்று கேட்டதுபோல்.

மதகு வந்தது. இறங்கித் தூக்கினோம்.
லஸ்கர் பக்கிரிசாமி ஒரு முனை பிடித்தார்,
எதற்கும் இருக்கட்டுமென்று நம்பரும் கொடுத்தார்.
"ராத்திரி எங்க தங்கல்?"
"மணல்ல."
ம், என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
அவர் போன் அடித்தது.

இருட்டியபின் ஒரு திட்டு.
படகை முளையடித்துக் கட்டினோம்.
எங்கோ புரட்டாசிச் சனிக்கிழமைப் பஜனை,
நடுநடுவே ஒலிபெருக்கிக்கு இருமல்.
பத்தரைக்கு நீர்நாய்கள் வந்தன, நாலோ ஐந்தோ,
எங்களை ஒரு பொருட்டாக நினைக்காமல்
முள் நொறுங்க மீன் தின்றன.
மூச்சுவிடாதே என்று என் மணிக்கட்டைப் பிடித்தவன்
அவை போனபின்னும் விடவில்லை.
வலைக்குள்ளேயே ஏழெட்டுக் கொசு.
அதையெல்லாம் எழுதாதே என்றிருக்கிறான்.

விடிந்தபோது ஆறு இல்லை.

இருந்தது, அக்கரையோரம், ஒரு வேட்டியகலத்துக்கு.
மீதி மணல்.
குழியில் சிக்கிய கெண்டைகளைக் கொக்குகள்
ரேஷன் கடைபோல நின்று வாங்கிக்கொண்டிருந்தன.
முளை இருந்தது, கயிறு இருந்தது,
முடிச்சும் நேற்றுப் போட்டதேதான்.
காய்ந்த தரையில் படகு
ஓடிப்போய்விடாமல் பத்திரமாய்க் கட்டப்பட்டிருந்தது.

பக்கிரிசாமிக்குப் போட்டேன்.
"முறை வச்சாச்சும்மா. ராத்திரியே பூட்டியாச்சு.
இனிமே ஆறு நாள்.
நேத்தே சொல்ல வந்தேன்."

சேரன் படகிலேறி உட்கார்ந்து
மணலில் இரண்டு துடுப்புப் போட்டான்.
"சோத்துக்கை" என்றான், கறாராக.
சிரித்து முடிக்க நேரமாயிற்று எனக்கு.

பூந்தோட்டம்வரை போவதாக இருந்தது.
காற்றைப் பிடுங்கிச் சுருட்டிக் கரையேறினோம்.
வைக்கோல் ஏற்றிய குட்டியானையில்
இருநூறு ரூபாய்க்கு இடம்.
திரும்பும் வழியில் மதகுக்கு மேற்கே
வாய்க்காலெல்லாம் நுரை தள்ளி ஓடியது.
வயலில் கணுக்கால் தண்ணீர்,
முடிமுடியாய் நாற்று மிதந்தது,
குனிந்திருந்தவர்களில் யாரும் நிமிரவில்லை.
"நம்மளத் தூக்கிட்டு வந்திருக்க வேண்டிய தண்ணி" என்றான்.
அவர்களிடம் போய்ச் சொல்லு, என்றேன்.

ஜமுக்காளம் முழுக்க மணல்.
மாமியாரிடம் என்ன சொல்வதென்று
நாச்சியார்கோவில்வரை யோசித்தோம்.