இருக்கை எண் நான்கு

பெருநகரின் வரைபடத்தை விரித்தால்
மேஜை போதாது.
அரக்கோணம் இடப்பக்கம் தொங்கும்,
செங்கல்பட்டு என் மடியில் விழும்.
வடக்கு ஓரம் சுருளாமலிருக்க
டீ டம்ளரை வைப்பேன்.
அந்த டம்ளருக்கு அடியில்தான் இருந்தது
ஆரம்பாக்கம், இரண்டு வருடமாக.

ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் பொதுவெளி என்று
எங்களிடம் ஓர் அட்டவணை உண்டு.
கூட்டி வகுத்தால் கணக்கு சரியாகவே வரும்,
சுடுகாட்டையும் வற்றிய ஏரியையும்
மேம்பாலத்தின் அடிவயிற்றையும்
பச்சை என்று சேர்த்துக்கொண்டால்.

நேரில் போய் எண்ணிவிட்டு வா என்றார்கள்.
போனேன்,
டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத் தேசப்பனோடு.

ஜிஎஸ்டி வந்தபின் மூடிய சோதனைச்சாவடி.
எடைமேடையின் இடுக்கில் எருக்கு.
ரசீது கிழித்துக் கொடுத்த ஜன்னலில் ஒரு நாயும் நான்கு குட்டிகளும்.
லாரிகள் நின்று நின்று எண்ணெய் குடித்த முற்றத்தில்
ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம்.
அதன் வேரை ஒட்டி எல்லைக்கல்:
இந்த முகத்தில் தமிழ், அந்த முகத்தில் தெலுங்கு,
இரண்டிலும் சுண்ணாம்பு உதிர்ந்து பாதிப் பெயர்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
நடப்பவர், நிற்பவர், உட்கார்ந்திருப்பவர்.
பகல் ஒரு மணிக்கு முப்பத்தொரு பெண்கள்.
தடாப் பக்கம் செருப்புக் கம்பெனிக்குப் போகிறவர்கள்.
இரண்டுக்கு முன்னால் வேன் வராது.
சீருடையில் எண்ணெய்க் கறை படக்கூடாதென்று
குதிகாலில் குந்தியிருந்தார்கள்,
மண்ணைத் தொடாமல்.
இது நிற்பதா, உட்கார்வதா?
"ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல கோடு போட்டுக்குங்கம்மா"
என்றார் தேசப்பன்.

மாதிரித் திட்டத்தில் சிமென்ட் இருக்கைகள் நான்கு மீந்தன.
மூன்றுக்குக் கவுன்சிலர்கள் இருந்தார்கள்.
நான்காவதை நான் கேட்டு வாங்கினேன்.
ஆனி மாத உச்சிவேளையில்
நிழல் விழுந்த இடத்தில் இறக்கினோம்,
முதுகில் எண் எழுதி,
கல்லுக்கு இந்தப் பக்கம், முறைப்படி.

மார்கழியில் ஆய்வுக்குப் போனால்
இருக்கை இல்லை.
மண்ணில் இரண்டு தடங்கள், இணையாக,
எல்லைக்கல்லைச் சுற்றிக்கொண்டு
ஆந்திராவுக்குள் போயிருந்தன.

"நீட அங்க போய்ட்ச்சு மேடம்" என்றாள் பெஞ்சிலம்மா,
டிபன் டப்பாவைத் திறந்தபடி.
"நாங்களும் இழுத்துக்கினு போய்ட்டோம்.
பன்னெண்டு பேரு. ரெண்டு நாளு.
சித்திரையில மறுபடி இந்தாண்ட கொண்டாந்துருவோம்."

இதை நான் படித்திருக்கிறேன்.
பரீட்சையில் படம் போட்டு எழுதி
பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன்:
பதின்மூன்றரை அட்சத்தில்
ஆனிச் சூரியன் வடக்கே நின்று நிழலைத் தெற்கே தள்ளும்,
மார்கழியில் நிழல் மாறி விழும்.
இருபது வருடம் எதிர்காலத்தைத் திட்டமிடுகிற நான்
ஆறு மாதத்தை விட்டுவிட்டேன்.

அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்திருக்கிறது.
அரசுச் சொத்து
மாநில எல்லைக்கு அப்பால் நான்கு மீட்டர் இருபது.
பொறுப்பு அலுவலர் விளக்கம் தருக.
விளக்கத்தின் முதல் வரியை
மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

இன்று மறுபடி டேப்போடு போனேன்.
தடங்களின் நீளம் எடுத்தோம், அகலம் எடுத்தோம்.
வரைபட அளவில் அது
பென்சில் முனையில் ஒட்டும் தூசிக்கும் குறைவு.
இருந்தாலும் பச்சை பூசினேன்.
வெயிலில் நின்றவளைப் பார்த்து
நான்கு பேர் நெருங்கி இடம் விட்டார்கள்.
"ஒக்காருங்க, இது உங்களுதுதானே."
உட்கார்ந்தேன், அனுமதியில்லாமல், வெளிமாநிலத்தில்.
சிமென்ட் குளிர்ந்திருந்தது.
யாரோ புளிக்குழம்பில் விரலை நக்கினார்கள்.
மேலே இலைகள் இன்னும் விழித்திருந்தன.

வேன் வந்தது. ஹார்ன்.
முப்பத்தொருவரும் எழுந்து போனார்கள்.
படிவத்தை எடுத்து மடியில் வைத்தேன்.
நடப்பவர்: இல்லை.
நிற்பவர்: தேசப்பன்.
உட்கார்ந்திருப்பவர்: ஒன்று.