முறிகிற இடம்

லிப்டுக்குள் ஐந்து மீற்றர் போகாது.
அதனால்தான் இந்தச் சிறகு
பிறக்கும்போதே நடுவில் வெட்டுண்டது.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி,
படிக்கட்டு திரும்புகிற மூலையை நாடாவால் அளந்தேன்:
இரண்டு மீற்றர் அறுபது.
ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் வானம்.

முதல் இணைப்பு உருக்கு.
பஞ்சிகாவத்தையில் பஸ்மி
இரும்புக் குவியலைக் கிளறி எடுத்துத் தந்த கம்பி.
"இது வளையாது, மிஸ்."
வளைந்தது.
வளைந்ததைக்கூடப் பொறுத்திருப்பேன்.
திரும்பி வரவில்லை.
மறுநாள் காலையிலும்
எதையோ ஒப்புக்கொண்ட மாதிரி
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது.

பிறகு கார்பன் இழைகள்.
நூற்றுப் பத்து வேண்டும்.
நூற்றிரண்டில் போன் அடித்தது.
மறுபடி ஒன்றிலிருந்து.
எப்பொக்சியில் தோய்த்து, அச்சில் கிடத்தி,
கிளாம்ப் இறுக்கினேன்.
கடற்காற்றின் ஈரத்தில் அது இறுக மனமில்லாமல் பிசுபிசுத்தது.
டிவி வந்த அட்டைப் பெட்டிக்குள்
அறுபது வாட் பல்பைக் கொளுத்தி
விடியும்வரை சூடு காட்டினேன்.
கீழ்வீட்டு ஷிராணி வந்து
என்ன கருகுகிறது என்று கேட்டுப் போனாள்.

சோதனை சாப்பாட்டுக் கதிரைகளில்.
இரு பக்கமும் அவை தாங்க
நடுவில் தொங்கியது சம்பா, பத்துக் கிலோ.
இன்னொரு பத்து.
சீனி. பழைய கார் பற்றரி.
நுனிகள் மேலே எழுந்தன,
அறைக்குள்ளேயே பறக்கிற மாதிரி.
நாற்பத்தாறில்
ஒரு சத்தம்.

இணைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கீறல்கூட இல்லை.
அது முடிகிற இடத்துக்கு
ஒரு விரற்கடை அப்பால்
மரம் முறிந்திருந்தது.

அரிசிக்குள் உட்கார்ந்து
நெடுநேரம் அதைப் பார்த்தேன்.
இவ்வளவு பாடுபட்டு
முறிவைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

அடுத்ததன் நுனிகளைச் சீவினேன்.
நடுவில் பதினாறு மில்லிமீற்றர், ஓரத்தில் நான்கு.
வெடுக்கென்று விடாமல்
பாரத்தை மெல்ல மெல்லச்
சிறகிடம் கொடுத்துவிட்டு நழுவுமாறு.
அது நுழைகிற கூட்டைத்
தூண்டில் நூலால் நெருக்கிச் சுற்றினேன்,
விரல் அறுபடும்வரை.

ஞாயிறு ஐந்து மணி. கரண்ட் இல்லை.
கக்கத்துக்கு ஒன்றாய்ச் சிறகின் பாதிகள்.
மூலையில் சுவரை உரசாமல் திரும்பினேன்.
வாசலில் சிறிசோம டோர்ச் அடித்தார்:
"இரண்டு துண்டு. எப்படி மேடம் பறக்கும்?"
கைப்பையைத் தட்டிக் காட்டினேன்.
சீப்புக்கும் சாவிக்கும் நடுவே
கறுப்பாய்க் கிடந்தது அது.

இன்னும் ஏறவில்லை.
இன்றைக்குக் காற்று எப்படியோ.
கூட்டுக்குள் ஏதோ கிலுகிலுக்கிறது,
ஒரு சம்பா மணியாக இருக்கலாம்.