செவ்வாய்க்கிழமைக் கணக்கு

லிம் சூ காங் சாலையில்
கல்லறைகள் தாண்டி மூன்றாவது நிறுத்தம்.
பேருந்து என்னை மட்டும் இறக்கிவிட்டுப் போகிறது.
வெளியே முப்பத்து மூன்று டிகிரி,
இரண்டு கதவுகளுக்கு அப்பால் இருபத்து நான்கு.
ஸ்ட்ராபெர்ரிகளுக்குத் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம்
என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

முன்பு வங்கியில் நோட்டு எண்ணினேன்.
இப்போது இலைப்பேன்.
கள்ள நோட்டுக்குப் பழகிய கண்
வேறெதற்கும் ஆகாதென்று நினைத்திருந்தேன்.

வரிசைக்கு நான்கு நீல அட்டை, இரண்டு மஞ்சள்.
நீலத்துக்கு மயங்கும் இலைப்பேன்,
மஞ்சளுக்கு வெள்ளை ஈ.
பசை இரண்டிலும் ஒன்றுதான்.

பூவைப் பறிக்க வேண்டாம்.
வாயருகே வைத்து,
குழந்தையின் கண்ணில் தூசி எடுப்பதுபோல்
ஒரு மூச்சு ஊதினால் போதும்.
யாரோ கதவைத் தட்டியதாக எண்ணி
மகரந்தத்தின் அடியிலிருந்து வெளியே வரும்
ஒரு வெளிர்மஞ்சள் கோடு.
நடக்கும்போதுதான் உயிரென்று தெரியும்.
அன்று முதல்
செய்தித்தாளின் காற்புள்ளிகள்
இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று
இரண்டு தரம் பார்க்கிறேன்.

பத்துப் பூவுக்கு ஐந்து என்றால் பொறுக்கலாம்.
ஆறு என்றால் ஹுவீ ஷானுக்குத் தகவல்.
அதற்கும் மேலே போனால்
பழத்தின் தோல் வெண்கலம் பூசிக்கொள்ளும்,
பெட்டி பதினாறு வெள்ளிக்கு விற்கிற கடை
அப்படியே திருப்பி அனுப்பும்.

ஏழாம் வரிசையில் எப்போதும் பூஜ்யம்.
போன செவ்வாய் பதினேழு.
மறுபடி எண்ணினேன். பதினெட்டு.

மோஃபிஜ் டார்ச்சோடு
வலையின் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தான்.
கதவின் ரப்பர், காற்றாடி, வடிகால்,
நாற்றுகள் வந்த பெட்டிகளின் ரசீது.
ஹுவீ ஷான் ஆறு வாரக் கணக்கைத் திரையில் இழுத்தாள்.
தரையோடு படுத்திருந்த கோடு
அக்டோபர் கடைசியில் எழுந்து நிற்கிறது.
தெங்கா பக்கமிருந்து ஒரு போர் விமானம்
கூரையைத் தேய்த்துக்கொண்டு போனது.
அது முடியும்வரை மூவரும் பேசவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்,
ஏழாம் வரிசையின் தலைமாட்டில்
தண்ணீர் பம்ப்.
அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், குங்குமம்.
அதற்கு மேலே
ஒரு வெறும் ஆணி.

ஆயுத பூசையன்று
தேக்காவில் நாலு முழம் செண்டுமல்லி வாங்கி
நானேதான் மாட்டினேன்.
வருடம் முழுக்க ஓடுகிற இயந்திரத்துக்கு
ஒரு நாளாவது மரியாதை வேண்டாமா?
மூன்று நாள் தொங்கியது.
ஒவ்வொரு பூவிலும் எத்தனை பேர் குடியிருந்தார்களோ.
ஊதிப் பார்க்கத் தோன்றவில்லை.
சாமிக்கு என்று வாங்கிய பூவை
முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாதே.

பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
வங்கியில் பணம் குறைந்தால்
கையிலிருந்து போட்டு மூடிவிடுவோம்.
இங்கே கூடிப்போனதை எதைப் போட்டு மூட?
எழுதினேன்:
பூமாலை. கொண்டுவந்தவர், அஞ்சுகம்.

ஹுவீ ஷான் படித்தாள்.
சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.
"அடுத்த வருடம் பிளாஸ்டிக்" என்றாள்.
பிறகு, பம்ப்பைப் பார்த்து,
"பொட்டு இருக்கட்டும்."

மோஃபிஜ் செடிக்குச் செடி
காகிதப் பை தொங்கவிட்டுக்கொண்டு போகிறான்.
உள்ளே தவிடும் பசித்த உண்ணிகளும்.
இலைப்பேன் குஞ்சை உறிஞ்சிவிடும்,
பழத்தைத் தொடாது.
"பன்னிரண்டாயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன்" என்கிறான்,
"ஒருவருக்கும் பர்மிட் கிடையாது."

இன்று பன்னிரண்டு.
அட்டையை வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
மூலையில் ஒரு கொசுத்தேனீ,
பின்னங்காலில் மகரந்தம் உதிராமல்.
காய் பிடிக்கட்டும் என்று
நாங்களே பெட்டியில் வைத்து வளர்க்கிற கூட்டத்தில் ஒருத்தி.

இலைப்பேன், வெள்ளை ஈ, அசுவினி, பூஞ்சைக்கொசு.
தாளில் நான்கு கட்டங்கள்தான்.

ஓரத்தில் பென்சிலால்
ஒரு கோடு போட்டுவைக்கிறேன்.
மொத்தத்தில் சேர்க்கவில்லை.