லாரியில்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு
நாற்பதடி இந்தப் பக்கம் என் மேசை.
பர்மிட், கிளெய்ம், தொலைந்துபோன ஆர்.சி. புத்தகம்,
எதுவானாலும் இங்கிலீஷில் அடித்துத் தருவேன்,
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

கார் என்றால் இன். பஸ் என்றால் ஆன்.
தலை குனிந்து ஏறி உட்கார்ந்தே போனால் இன்,
எழுந்து நின்று கம்பி பிடிக்க இடமிருந்தால் ஆன்.
ஆட்டோ இன்தான், பதினோரு பேர் பிதுங்கினாலும்.
மொபெட் ஆன்,
ஓட்டுகிறவன் காலிடுக்கில் ஒரு வெள்ளாடு நின்றாலும்.
இவ்வளவு போதும், இதை வைத்து
இரண்டு சீட்டு கட்டுகிறேன்.

நேற்று மயிலாத்தாள் வந்தாள்.
கொழிஞ்சாம்பாறை தாண்டி
மட்டை லோடு கவிழ்ந்ததில் அவள் புருஷன்.
'எதுல வந்தாருன்னு போடட்டும்?'
'லாரிலதானுங்க.'

விரல் நின்றுவிட்டது.
லாரிக்கு இரண்டும் உண்டு.
இன் போட்டால் கேபின், கிளீனர் சீட்,
டிரைவர் தோளில் இடிபட்ட ஒரு வேலையாள்.
ஆன் போட்டால் மட்டைக்கு மேலே
கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருத்தன்.
கம்பெனிக்காரன் ஓசிச் சவாரி என்று கை விரிப்பான்.

'உள்ளயா, மேலயா?'
'ஏறுனப்ப உள்ளதானுங்க.
வண்ணாமடைல டிரைவரோட மச்சினன் கை காட்டுனானாம்.
இவரு எந்திரிச்சு எடம் குடுத்துட்டு
மேல போயிட்டாராமா.'

மலையாளத்துப் போலீஸ் காகிதத்தைப் பிரித்தேன்.
அங்கேயும் லோறியில்தான்.
சீல் இல்லாமல், வரி கட்டாமல்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற இல்.
உள்ளே இருந்தவனும் மேலே இருந்தவனும்
அதற்கு ஒன்று.
வீட்டுக்கும் அதுதான் பேர்.
இல்லாமல் போவதற்கும்
அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பை என்று அடித்தேன். பை லாரி.
உள்ளே என்றும் சொல்லாது, மேலே என்றும் சொல்லாது.
கேட்பார்கள். கேட்கும்போது
யாராவது ஒருத்தர் இன் என்றோ ஆன் என்றோ
சொல்லித்தான் ஆக வேண்டும்.
அவள் படிக்கவில்லை,
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.
மயிலாத்தாள் என்பதில் துணைக்கால் ஒன்று குறைந்தது.

பொள்ளாச்சி வண்டி வந்தது, ஒரே கூட்டம்.
ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில்,
காகிதம் இடுப்பில்.
கண்டக்டர் விசிலடித்துவிட்டான்.
அவள் போனதற்கு என்ன போடுவது என்று
வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.